கரும்புப் பணம் வருவதற்கு முன்னும் பின்னும்

வேளாண் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வங்கியில் விவசாயக் கடன் அதிகாரியாகச் சேர்ந்தவள் நான். மண், உரம், பூச்சி, பாசனம் எல்லாம் கல்லூரியில் கற்றேன். சிட்டா, அடங்கல் என்ற நில, பயிர்ப் பதிவேடுகள், அடமானம், வாராக்கடன் எல்லாம் வங்கிப் பயிற்சியில் கற்றேன். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்பதை மட்டும் இரண்டு இடத்திலும் யாரும் சொல்லித் தரவில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் கரும்பு விளையும் பகுதியில் இருந்த எங்கள் கிளையில் தினமும் தேவைப்பட்டது அதுதான்.

நேற்று உட்கார வைத்து விளக்கிய விதியை இன்று புதிதாகக் கேட்பார் ஒருவர். கொண்டுவரச் சொன்ன அடங்கலைத் திரும்பத் திரும்ப வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார் இன்னொருவர். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று கேட்காமலே போட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. கிளையில் இதற்கெல்லாம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது: "படிக்காத ஜனங்க, அப்படித்தான்." அந்த விளக்கம் என் மனதுக்கு ஒட்டவில்லை. இதே ஆள்கள் வயலோரம் நின்று பயிரைப் பார்த்தே ஏக்கருக்கு எத்தனை டன் வரும் என்று சொல்கிறார்கள். கொள்ளுத் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையைத் தேதி பிசகாமல் சொல்கிறார்கள். இவர்களுக்கு நினைவாற்றல் இல்லை என்பதை எப்படி ஏற்பது?

மனத்தைப் பற்றிப் பொதுவாசகர்களுக்காக எழுதப்பட்ட புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான். வேலைக்குப் போகிற பேருந்தில்தான் பெரும்பாலும் படித்தேன். டேனியல் கானமன் 2011இல் எழுதிய 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ', பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரின் 'மிஸ்பிஹேவிங்', ராபர்ட் சியால்டினியின் 'இன்ஃப்ளுயன்ஸ்' என்று ஒன்று முடிந்தால் அடுத்தது. கானமன் உளவியலாளர், ஆனால் 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 100 ரூபாய் கிடைக்கிற மகிழ்ச்சியைவிட 100 ரூபாய் போகிற வலி பெரிது என்பதை அவரும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே கோட்பாடாக எழுதிவிட்டார்கள். நகை ஏலத்துக்குப் போகப் போகிறது என்று தெரிந்தும், மீட்க முடியாத நகைக்கு வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறவர்களைப் பார்த்த எனக்கு அந்தப் பக்கங்கள் சட்டென்று பிடிபட்டன.

தேலரோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பணத்தை மனதுக்குள் தனித்தனிக் கணக்காகப் பிரித்து வைத்துக்கொள்வது மனிதர்களின் பழக்கம் என்பது அவர் சொல்வது. சம்பளப் பணம், பரிசாக வந்த பணம், பிள்ளைகள் படிப்புப் பணம் எல்லாம் ரூபாயாகப் பார்த்தால் ஒன்றுதான். ஆனால் ஒன்றை எடுத்து இன்னொன்றுக்குச் செலவழிக்க மனம் வராது. இதற்கு அப்படியே உதாரணமாக எங்கள் கிளையில் ஒரு அம்மா இருந்தார். மகள் கல்யாணத்துக்கு என்று வைப்புத்தொகை போட்டிருந்தார். கரும்புக்கு உரம் வாங்க ஊரில் மூணு வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். மூணு வட்டி என்றால் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். வைப்புத்தொகைக்கு நாங்கள் கொடுப்பது அதில் கால் பங்குகூட இல்லை. வைப்பை உடைத்துக் கடனைக் கட்டிவிடுங்கள் அம்மா என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடன்காரன் வீட்டு வாசல்ல வந்து நிப்பான் மேடம், அதனால அது எப்படியும் அடைஞ்சுடும். இதை எடுத்துட்டா திரும்பப் போடச் சொல்லி யாரு வந்து நிப்பா?"

கணக்குப்படி அவர் செய்தது தப்பு. இத்தகைய புத்தகங்கள் இதைச் சறுக்கல்களின் பட்டியலில்தான் சேர்க்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் மனம் எங்கே வழுக்கும் என்று தெரிந்தே அவர் அந்த வட்டியைக் கொடுக்கிறார். அது அவர் தன் பணப்பெட்டிக்குப் போட்ட பூட்டின் விலை. சீட்டுக் கட்டுகிற பெண்களும் நகைச்சீட்டில் சேருகிற பெண்களும் இதையேதான் செய்கிறார்கள். தேலர் இதை அறியாதவர் அல்ல, சுயகட்டுப்பாட்டைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்த அம்மா இரண்டு வரியில் சொன்ன தெளிவு அந்தப் பக்கங்களில் எனக்குக் கிடைக்கவில்லை.

என் வேலையையே மாற்றிய புத்தகம் வேறு. 2013இல் வந்த 'ஸ்கேர்சிட்டி'. பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் உளவியலாளர் எல்டர் ஷஃபீரும் சேர்ந்து எழுதியது. முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போனவர். எதிலாவது பற்றாக்குறை வந்துவிட்டால் மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கும், மற்றவற்றுக்குக் கொடுக்கக் கவனம் மிஞ்சாது என்பதுதான் அந்தப் புத்தகத்தின் மையம். படித்துக்கொண்டே போனபோது அதில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகள் வந்தார்கள். நான் தினமும் பார்க்கிற மனிதர்கள். அதற்கப்புறம் அந்த அத்தியாயத்தை எத்தனை தடவை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

அந்த விவசாயிகளை வைத்துச் செய்த ஆய்வு அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆனந்தி மணி, ஜியாயிங் ஜாவோ இருவரும் முல்லைநாதன், ஷஃபீரோடு சேர்ந்து செய்தது. 54 கிராமங்களில் 464 சிறு விவசாயிகள். ஒவ்வொருவரையும் அறுவடைக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் சோதித்தார்கள். கரும்புக்காரருக்கு வருமானத்தின் பெரும்பகுதி ஒரே வீச்சில் வரும். அந்தப் பணம் வருகிற வரை கையைக் கடிக்கும். அறுவடைக்கு முன்பு 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின்பு அது 4 சதவீதம். எதற்காகக் கரும்பு என்று கேட்டால், அங்கேதான் ஆய்வின் அழகு இருக்கிறது. கரும்பை இஷ்டப்பட்ட நாளில் வெட்ட முடியாது. ஆலை வெட்டு உத்தரவு தர வேண்டும், அது ஆளுக்கு ஆள் வெவ்வேறு நாளில் வரும். ஒரே மாதத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும், பக்கத்து வயல்காரர் கையில் இருக்காது. அதனால் பருவம், வெயில், பண்டிகை என்று எதையும் காரணமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

சோதனைகளும் எளியவை. ஒன்று, படங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது. இன்னொன்று எண்களை வைத்து. 5 5 5 என்று எழுதியிருக்கும். ஐந்து என்று வாசிக்கக் கூடாது, எத்தனை எண்கள் இருக்கின்றனவோ அதை, அதாவது மூன்று என்று சொல்ல வேண்டும். நாக்கின் நுனிக்கு வருகிற விடையைத் தடுத்து நிறுத்துகிற திறனை அது அளக்கிறது. பணம் வந்த பிறகு அதே விவசாயி அதிகக் கேள்விகளுக்குச் சரியாக விடை சொன்னார், எண் சோதனையில் வேகமாகவும் பிழை குறைவாகவும் சொன்னார். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. இடையில் ஒரு அறுவடை, அவ்வளவுதான்.

'படிக்காத ஜனங்க' என்ற விளக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால், வங்கி ஒரு விவசாயியிடம் அதிகக் கவனத்தைக் கேட்பது அவரிடம் கவனம் மிகக் குறைவாக இருக்கிற நாள்களில்தான். பணம் இல்லாதபோதுதான் கடனுக்கு வருகிறார். விதிமுறை, காப்பீடு, வாரிசு நியமனம், கெடு தேதி எல்லாவற்றையும் அன்றைக்கே அவர் தலையில் ஏற்றுகிறோம். வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் கிளைக்கும் அலைகிற அலைச்சல் வேறு.

கிளையில் என் கைக்கு எட்டிய இடங்களில் சிலவற்றை மாற்றினேன். கொண்டுவர வேண்டிய ஆவணங்களை வாயால் சொல்வதை நிறுத்திவிட்டு, பெரிய எழுத்தில் தமிழில் ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுத்தேன். பழைய வாடிக்கையாளர்களின் படிவத்தில் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிற விவரங்களை நாங்களே நிரப்பி வைத்தோம். வாரிசு நியமனம், காப்பீடு மாதிரி அவசரமில்லாத பேச்சுகளை ஆலைப் பணம் கணக்கில் ஏறிய வாரத்துக்குத் தள்ளி வைத்தேன். அந்த வாரத்தில் வருகிறவர் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறார். கேள்வி கேட்கிறார். வட்டி எப்படிப் போட்டீர்கள் என்று விவாதம்கூடச் செய்கிறார். சில மாதம் முன்பு தலையாட்டிவிட்டுப் போன அதே மனிதர்தானா என்று சக அலுவலர்களே வியந்தார்கள்.

எல்லாம் என் கைக்கு எட்டவில்லை. 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம், கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். நல்ல திட்டம். ஆனால் கெடு தேதிக்கு ஆலைப் பணம் வந்திருக்காது. அப்போது விவசாயி என்ன செய்கிறார்? ஊரில் மூணு வட்டிக்குப் புரட்டிக் கொண்டுவந்து கட்டிவிட்டு, கடன் புதுப்பித்த உடனே எடுத்துப் போய் அடைக்கிறார். வெளியே பணம் நிற்பது சில நாள்தான், ஆனால் வட்டிக்காரர் முழு மாதத்துக்கு வாங்கிக்கொள்கிறார். 3 லட்சத்துக்கு 3 சதவீதச் சலுகை 9,000 ரூபாய். 3 லட்சத்துக்கு மூணு வட்டி ஒரு மாதத்துக்கு அதே 9,000 ரூபாய். அரசாங்கம் விவசாயிக்கென்று கொடுத்த பணம் அப்படியே வட்டிக்காரர் வீட்டுக்குப் போகிறது. இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கெடு தவறினால் அடுத்த கடன் கிடைக்காதோ என்ற பயம் அந்த மாதத்தில் மற்ற எல்லாக் கணக்கையும் மறைத்துவிடுகிறது.

இதே புத்தகங்கள் வேறு விதமாகவும் பயன்படுவதைப் பார்த்திருக்கிறேன், அதில் எனக்குத் தாங்க முடியாத கோபம் உண்டு. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் காப்பீட்டுப் பாலிசி விற்க இலக்கு கொடுத்திருந்தார்கள். அதற்கான பயிற்சி வகுப்பில் சியால்டினி 1984இல் எழுதிய புத்தகத்தில் உள்ள, ஆளை இணங்க வைக்கும் ஆறு கொள்கைகளும் வரிசையாகத் திரையில் வந்தன. முதலில் சின்ன உதவி செய், பதிலுக்குச் செய்யத் தோன்றும். ஊரே போட்டிருக்கிறது என்று சொல். நாளையோடு முடிகிறது என்று சொல். கடன் கேட்டு வந்தவரின் காகிதங்களுக்கு நடுவே பாலிசிப் படிவமும் போனது. ஒரே தடவை கட்டுகிற பணம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்ட ஒரு பெண், மறு வருடம் தவணை கேட்டு வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்ட்டர் முன் நின்றதை என்னால் மறக்க முடியாது. சியால்டினி அந்தப் புத்தகத்தை எழுதியது இப்படிப்பட்ட வலைகளில் தானே அடிக்கடி விழுந்ததால். ஒவ்வொரு கொள்கைக்கும் முடிவில், அதிலிருந்து எப்படித் தப்புவது என்று ஒரு பகுதி எழுதியிருக்கிறார். பயிற்சி வகுப்பில் அந்தப் பகுதி மட்டும் வரவில்லை.

இந்தப் புத்தகங்களில் இருப்பதை அப்படியே வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ள முடியாது. தன் புத்தகத்தின் ஒரு அத்தியாயத்தில் சிறிய ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாகக் கானமனே 2017இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது அதனால்தான். ஸ்டான்ஃபோர்டு மிட்டாய்ச் சோதனையும் அப்படித்தான். காத்திருந்தால் இன்னொன்று தருவோம் என்று சொன்னதைக் கேட்டு, மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்று மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்த இன்னொரு சோதனை 2013இல் வெளிவந்தது. அதில் மிட்டாயைக் கொடுப்பதற்கு முன்பே, ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அப்படி ஏமாந்த குழந்தைகள் மிட்டாய்க்குக் காத்திருந்தது சராசரியாக 3 நிமிடம். சொன்னபடி பெற்றுக்கொண்ட குழந்தைகள் காத்திருந்தது 12 நிமிடம்.

'விவசாயிக்குப் பொறுமை இல்லை, கைக்கு வந்ததைச் செலவழித்துவிடுகிறார்' என்று யாராவது பேசும்போது எனக்கு அந்த 3 நிமிடம்தான் நினைவுக்கு வருகிறது. ஆலை பணம் தருவதாகச் சொன்ன தேதிகள் எத்தனை தள்ளிப் போயின என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கரும்புக்காரர்களை வைத்து நடந்த அந்த ஆய்வைப் பற்றி எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் ஒரு நாள் விரிவாகச் சொன்னேன். பணம் வந்திருந்த வாரம் என்பதால் நிதானமாக உட்கார்ந்து கேட்டார். அறுவடைக்கு முன்பு மனசு எதிலும் நிற்காது என்று அவருக்குத் தெரியும். அதை அளந்து பார்த்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. "இதை ஆலைக்காரங்களுக்குச் சொன்னாங்களா மேடம்?" என்று கேட்டார்.

1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளில் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் வருடத்துக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். இதைச் சொன்னதும் பையிலிருந்து டன் கணக்கு எழுதிய ரசீதுகளை எடுத்து மேசையில் பரப்பினார். மாதாமாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போவதாகவும், தாமதமான நாள்களுக்கு எவ்வளவு வட்டி வர வேண்டும் என்று ரசீது வாரியாகக் கணக்குப் போட்டுத் தர வேண்டும் என்றும் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவர் தெருக்காரர்கள் நாலைந்து பேர் தங்கள் ரசீதுகளோடு வந்தார்கள்.