கேனரி வார்ஃபில் ஏன் இவ்வளவு தண்ணீர்?

லண்டன் வந்த முதல் ஆறு மாதம் நான் வேலை பார்க்கும் இடத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈஸ்ட் ஹாமில் வாடகை அறை. காலையில் டிஸ்ட்ரிக்ட் லைன், வெஸ்ட் ஹாமில் மாறினால் ஜூபிலி லைன், அப்புறம் என் அலுவலகம் இருக்கும் கேனரி வார்ஃப். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள், நடுநடுவே அசையாத தண்ணீர். அழகுக்காக வெட்டிய குளம் என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் அலுவலகத்து செக்யூரிட்டி பெரியவர் கிழக்கு லண்டனில் பிறந்து வளர்ந்தவர். ஒரு நாள் செய்தித்தாளை என் பக்கம் தள்ளி, "ஹேவ் எ புட்சர்ஸ்" என்றார். கசாப்புக் கடையைப் பற்றி ஏதோ கேட்கிறார் என்று விழித்தேன். அவரே சொல்லிக் கொடுத்தார். 'புட்சர்ஸ் ஹுக்' என்பது 'லுக்' என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போகும். ஹுக்கை விட்டுவிட்டு புட்சர்ஸ் என்று மட்டும் சொன்னால், 'ஒரு பார்வை பார்' என்று அர்த்தம். காக்னிக்காரர்கள், அதாவது கிழக்கு லண்டன் உழைப்பாளி மக்கள், பேச்சு அப்படி. இது காதில் ஏற வேண்டுமானால் எங்கள் ஊர் ரவுடிப் படங்களைப் பார் என்று சொல்லி, ஒரு துண்டுத்தாளில் 'தி லாங் குட் ஃப்ரைடே' என்று எழுதிக் கொடுத்தார்.

பெரிய வெள்ளி முதல் ஈஸ்டர் திங்கள் வரை இங்கே நான்கு நாள் விடுமுறை. வெள்ளி இரவே பார்த்துவிட்டேன். 1979இல் எடுத்த படம். பாப் ஹாஸ்கின்ஸ்தான் தாதா ஹரால்ட் ஷாண்ட். தேம்ஸ் கரையில் பாழாகிக் கிடக்கும் துறைமுக நிலங்களை வளைத்துப் போட்டுப் புதிய நகரம் கட்ட வேண்டும், அதற்கு அமெரிக்க மாஃபியா பணம் போட வேண்டும். தன் படகில், டவர் பிரிட்ஜ் பின்னால் தெரிய நின்று அதைப் பேசுகிறார். அந்த ஈஸ்டரிலேயே அவருடைய ஆட்கள் சாகிறார்கள், அவருடைய இடங்களில் குண்டு வெடிக்கிறது. யார் செய்கிறார்கள் என்றே அவருக்குப் புரியவில்லை.

எனக்குத் தூக்கம் போனது அந்த நிலத்தைப் பார்த்துத்தான். 1802இல் திறந்த வெஸ்ட் இண்டியா துறைமுகத்தை 1980இல் மூடினார்கள். 1991இல் அங்கே கேனரி வார்ஃப் கோபுரம் எழுந்துவிட்டது. நான் தினமும் பார்க்கும் தண்ணீர், கப்பல்கள் வந்து நின்ற தண்ணீர்.

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் எண்பதுகளில் வந்தவர். அவரிடம் கேட்டேன். "ஓம் தம்பி, நான் வரேக்கை அது முழுக்க வெறும் காணி. ஆள் நடமாட்டமே இல்லை" என்றார். திங்கட்கிழமை அந்தப் பழைய துறைமுகத்தின் கரையான வெஸ்ட் இண்டியா கீ போய்ப் பார்த்தேன். பழைய கிரேன்கள் இன்னும் நிற்கின்றன. சர்க்கரை மூட்டை அடுக்கிய கிடங்கு அருங்காட்சியகமாக இருக்கிறது.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சிக்காகவே பார்க்கலாம். காரில் உட்கார்ந்திருக்கும் ஹாஸ்கின்ஸின் முகம் மட்டும். வாயே திறக்கவில்லை. கோபம், பயம், தன்மேலேயே ஒரு வெறுப்பு, கடைசியில் லேசாக ஒரு சிரிப்பு, எல்லாம் அந்த முகத்திலேயே வந்து போகின்றன. எப்படி அந்தக் காரில் மாட்டினார் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கர்களுக்குப் புரியாது என்று இவர் குரலுக்கே டப்பிங் கொடுக்கப் பார்த்திருக்கிறார்கள், மனிதர் விடவில்லை. அந்தக் குரல் போயிருந்தால் படமே போயிருக்கும்.

பிறகு ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தேன். 'லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்' (1998) படத்தில் ஒரு காட்சிக்குப் படத்துக்குள்ளேயே ஆங்கில சப்டைட்டில் வரும், பேசுவது அவ்வளவு அடர்த்தியான காக்னி. சப்டைட்டில் போட்டுப் பார்க்க யாரும் கூச்சப்பட வேண்டாம். 'கெட் கார்ட்டர்' (1971) நியூகாசில் பக்கம் எடுத்த மைக்கேல் கெய்ன் படம். ஈரமும் கரியும் கையில் ஒட்டுவது போல இருக்கும். அதில் வரும் கேட்ஸ்ஹெட் கார் பார்க்கை 2010இல் இடித்துவிட்டார்கள்.

கொள்ளைப் படங்களில் எனக்குப் பிடித்தது 'தி லாவெண்டர் ஹில் மாப்' (1951). தங்கம் கொண்டுபோகும் வண்டிக்குக் காவலாகப் போய்வரும் வங்கி குமாஸ்தாவாக அலெக் கின்னஸ். தங்கத்தை உருக்கி, ஈஃபில் கோபுர பொம்மைகளாக வார்த்து பிரான்சுக்கு அனுப்புகிறார்கள். அதில் ஆறு பொம்மைகள் பள்ளிக்கூடச் சிறுமிகள் கைக்குப் போய்விடும். அதன் பிறகு நடக்கும் ஓட்டத்தைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

'செக்ஸி பீஸ்ட்' (2000) குழந்தைகளுக்கு இல்லை. தொழிலை விட்டுவிட்டு ஸ்பெயினில் வாழும் திருடனை லண்டன் கொள்ளை ஒன்றுக்கு இழுத்துப்போக ஒருவன் வருகிறான். அவன் கை ஓங்குவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் நடுங்குகிறார்கள். நடித்திருப்பவர் பென் கிங்ஸ்லி. பள்ளியில் வரிசையில் உட்கார வைத்து எங்களுக்குப் போட்டுக் காட்டிய 'காந்தி'யில் காந்தியாக வந்தவர்! இரண்டு முகமும் ஒருவருடையதுதான் என்று மனம் ஒப்புக்கொள்ளவே இல்லை.

போன மாதம் என் மனைவி வந்து சேர்ந்தாள். முதல் ஞாயிறு அவளைக் கிரேன்கள் பக்கம் கூட்டிப்போய்விட்டு, ராத்திரி 'தி லாங் குட் ஃப்ரைடே' போட்டேன். படகு டவர் பிரிட்ஜைத் தாண்டியதும் என் கையில் இருந்த ரிமோட்டை வாங்கினாள்.

"கொஞ்சம் பின்னாடி போங்க" என்றாள். "அந்தக் கரையை நான் சரியாப் பாக்கல."