ஒரு 'கே' கூட்டியதும் நின்றுபோன தராசு

தண்டையார்பேட்டையில் மின்னணுத் தராசு செய்யும் சிறு பட்டறை ஒன்றுக்கு நான்தான் நிரல் எழுதித் தருகிறேன். வாங்குபவர்கள் பெரும்பாலும் காசிமேட்டு மீன் வியாபாரிகள். சுவிட்சைப் போட்டதும் திரையில் ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' ஓடும். அதில் ஒரு 'கே' குறைகிறது என்று யாரோ சொல்லிவிட, பட்டறை அண்ணன் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். தராசு உயிர் பெறவேயில்லை.

ஓர் எழுத்தைக் கூட்டினால் போர்டு சாகுமா? உப்புக் காற்றில் எங்கோ சால்டர் அரித்திருக்கும் என்று நானே முடிவுகட்டி, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். பழைய நிரலை ஏற்றியதும் தராசு சமர்த்தாக ஓடியது. ஆக, குற்றம் என்னுடையதுதான்.

சிப்பையும் கணினியையும் இணைக்கும் எஸ்டி-லிங்க் கருவியைச் செருகி, ஓப்பன்ஓசிடி என்ற இடைநிலை மென்பொருள் வழியாக, நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் ஜிடிபியை இணைத்தேன். நிரலின் முதன்மைப் பகுதியான மெயினில் வைத்த பிரேக்பாயின்ட்டுக்கு (நிறுத்தக் குறிக்கு) நிரல் வந்து சேரவேயில்லை. இடையில் நிறுத்திப் பார்த்தால் ஹார்ட் ஃபால்ட்டில், அதாவது கடும் பிழை நேர்ந்தால் சிப் போய்ச் சேரும் இடத்தில், சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கோளாறு மெயினுக்கும் முன்னால், ஐந்து ஆண்டுகளுக்கு முன் சிப்பின் கட்டளைமொழியான அசெம்ப்ளியில் நான் எழுதிய ஸ்டார்ட்-அப் கோடில். தொடக்க மதிப்புள்ள மாறிகளை (அந்த 'வணக்கம்' உட்பட) நிரந்தர நினைவகமான ஃபிளாஷிலிருந்து தற்காலிக நினைவகமான ரேமுக்கு நகலெடுப்பதும், மற்றவற்றைப் பூஜ்யமாக்குவதும், பிறகு மெயினை அழைப்பதும் அதன் வேலை. வரி வரியாக நடந்து பார்க்கலாம் என்றால், அந்தக் கோப்புக்கு மட்டும் ஜிடிபி மூல வரியே காட்டவில்லை.

நிரலைக் கட்டும் மேக் கருவிக்கான குறிப்புகள் உள்ள மேக்ஃபைலைத் திறந்தேன். டீபக் விவரத்தை, அதாவது எந்தக் கட்டளை எந்த மூல வரியிலிருந்து வந்தது என்ற குறிப்பை, சேர்க்கச் சொல்லும் 'மைனஸ் ஜி' சி கோப்புகளுக்கு மட்டும் இருந்தது; அசெம்ப்ளருக்கான வரியில் இல்லை. சேர்த்து மேக் ஓட்டினேன். அதே கதை. அரை மணி கழித்துத்தான் உறைத்தது: மூலக் கோப்பு மாறாததால் மேக் அதைத் தொடாமல், முன்பே மொழிபெயர்த்து வைத்திருந்த பழைய ஆப்ஜெக்ட் கோப்பையே இணைத்திருக்கிறது. பழையவற்றை அழிக்கும் மேக் கிளீன் போட்டு முழுதாகக் கட்டியதும், நான் எழுதிய கமென்ட் உட்பட வரிகள் வந்தன.

"இதையெல்லாம் சேர்த்தால் சிப்பில் இடம் போதுமா, தம்பி?" என்றார் அண்ணன். டீபக் விவரம், கட்டி முடித்த எல்ஃப் கோப்போடு என் மடிக்கணினியில் தங்கிவிடும், ஃபிளாஷுக்குள் ஒரு பைட்கூடப் போகாது என்று, அளவு காட்டும் சைஸ் கட்டளையை ஓட்டிக் காட்டினேன். நம்பினாரா தெரியாது, டீ சொன்னார்.

ரீசெட்டில் நிறுத்தி, ஒவ்வொரு கட்டளையாக நடந்தேன். நகலெடுக்கும் லூப்பில் ரேம் முகவரி 4, 4 பைட்டாக ஏறுகிறது. முடிவு முகவரியோ 4-ஆல் வகுபடாத எண். 'இரண்டும் சமமா' என்று மட்டும் கேட்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். சமமாகும் நேரம் வரவே வராது. முடிவைத் தாண்டி, நிரல் தன் தற்காலிகக் கணக்குகளை வைக்கும் ஸ்டாக் பகுதியை மிதித்து, 20 கேபி ரேமின் விளிம்பில் போய் விழுந்திருக்கிறது. பழைய சொல் 7 எழுத்து. சொல் முடிந்ததைக் குறிக்கும் கடைசிப் பூஜ்யத்தோடு 8 பைட். புதியது 9. இத்தனை காலம் அந்த எழுத்துப்பிழைதான் என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறது!

நினைவகத்தில் எது எங்கே என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்ட்டில், முடிவுக் குறிக்கு முன், முகவரியை 4-இன் மடங்குக்கு நகர்த்தும் அலைன் வரியைச் சேர்த்தேன். லூப்பிலும் 'சமமா' என்பதை 'சிறியதா' என்று மாற்றினேன். மறுநாள் காலை தராசு காசிமேட்டுக்குப் போய்விட்டது. மாலையில் அண்ணன் அழைத்தார்: வணக்கத்துக்குப் பின்னால் வியாபாரியின் பெயரும் ஓட வேண்டுமாம்.