ஒரே பட்டம், வேறு வேறு விலை: அண்ணா பல்கலையில் பொறியியல் சேரும் முன்

"அண்ணா யுனிவர்சிட்டியில் சீட் கிடைச்சிருக்கு" என்று யாராவது சொன்னால், கல்லூரி எண் என்ன என்று கேளுங்கள். டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கவுன்சலிங்) பட்டியலில் 1 என்றால் கிண்டி பொறியியல் கல்லூரி, 2 ஏ.சி.டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), 4 குரோம்பேட்டை எம்.ஐ.டி. (3 கட்டடக்கலைப் பள்ளி. அங்கே பி.ஆர்க். படிக்க நாட்டா போன்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அது தனி வழி.) சென்னையில் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள் இவைதான். பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகளும், அதனுடன் இணைந்திருக்கும் நூற்றுக்கணக்கான இணைவுக் கல்லூரிகளும் இதற்கு வெளியே. பட்டம் எல்லோருக்கும் அண்ணா பல்கலைக்கழகப் பெயரில்தான் வரும். செலவும், படித்து முடித்தபின் கிடைக்கும் வேலையும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

கட்-ஆஃப் கணக்கு எளிது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 84 என்றால் 92+44+42=178. கணிதத்தில் 4 மார்க் குறைத்து, மற்ற இரண்டிலும் 92 வாங்கினால் 88+46+46=180. இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் முதலில் கணித மார்க், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில்தான் கணினி குலுக்கிக் கொடுத்த ரேண்டம் எண்ணுக்கு வருவார்கள்.

போன வருடக் கட்-ஆஃபை வைத்துக் கல்லூரி தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. வினாத்தாள் எளிதாக இருந்த வருடம் எல்லோருடைய மார்க்கும் ஏறும். 2021இல் பிளஸ் 2 பொதுத்தேர்வே நடக்கவில்லை, அந்த வருட எண்களை ஒதுக்கிவிடுங்கள். மார்க்கை விட்டுவிட்டு ரேங்கை ஒப்பிடுங்கள். அந்தப் பாடப்பிரிவில் உங்கள் சமூகப் பிரிவின் கடைசி சீட் எந்த ரேங்க்கில் போனது என்பதே உங்களுக்கு உதவும்.

அதிகம் பேர் சறுக்குவது சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது விரும்பும் கல்லூரி, பாடப்பிரிவுகளை வரிசைப்படுத்திக் கொடுப்பதில். ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் சீட்டைக் கணினி கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆகவே எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் நஷ்டம் எதுவும் இல்லை. "சேஃபா இருக்கட்டும்" என்று கிடைக்கக்கூடிய கல்லூரியை மேலே போட்டால்தான் நஷ்டம், ஏனென்றால் அதுவே கிடைத்துவிடும். இருபது சாய்ஸோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு அந்தச் சுற்றில் ஒன்றுமே வராமல் போவதும் நடக்கிறது. நூறு போட்டாலும் தவறில்லை. பாடப்பிரிவின் கோடு (குறியீட்டு) எண்ணை மட்டும் இருமுறை சரிபாருங்கள்: வளாகத்திலேயே சில பாடப்பிரிவுகள் இரண்டு கோடில் இருக்கும். எஸ்.எஸ். என்று குறித்தது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல்.

ஒதுக்கீடு வந்தபின் 'அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்' கொடுத்தால் கையில் இருக்கும் சீட் பத்திரமாக இருக்கும். மேலே உள்ள சாய்ஸில் ஒன்று காலியானால் தானாகவே அதற்கு மாற்றிவிடுவார்கள், பழைய சீட்டுக்குத் திரும்ப முடியாது. ஆகவே, போக மனமில்லாத கல்லூரியைப் பெயருக்காக மேலே போட்டு வைக்காதீர்கள். வந்த சீட்டை விட்டுவிட்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கும் 'டிக்ளைன் அண்ட் அப்வேர்ட்' துணிந்தவர்களுக்கு: மேலே எதுவும் காலியாகாவிட்டால் இருந்ததும் போச்சு.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கு 2021இல் வந்தது. இதில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. விண்ணப்பம் போடும் நேரத்தில்தான் பல வீடுகளில் இது தெரியவருகிறது. முதல் பட்டதாரிச் சலுகை வேறு. குடும்பத்தில் ஏற்கெனவே அக்காவோ அண்ணனோ பட்டம் வாங்கியிருந்தால் அது கிடைக்காது. கிடைத்தாலும் டியூஷன் ஃபீஸில்தான் கழியும். பஸ், விடுதி, தேர்வுக் கட்டணம் எல்லாம் கையிலிருந்துதான். சுயநிதிக் கல்லூரியில் கவுன்சலிங் சீட்டுக்கு அரசின் கட்டணக் குழு 2017இல் வைத்தது வருடத்துக்கு 50,000 ரூபாய், என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. உங்கள் வருடத்துக்கான ஆணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி நீட்டும் ரசீதில் டியூஷன் எவ்வளவு, 'இதர' எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். கல்லூரி பேனரில் இருக்கும் '95 சதவீதம் பிளேஸ்மென்ட்' என்பதை அப்படியே நம்ப வேண்டாம். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுத்த விவரங்கள் பிடிஎஃப்பாகவே கிடைக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு (லேட்டரல்) வந்தவர்கள் எத்தனை, குறித்த காலத்தில் தேறியவர்கள், வேலை பெற்றவர்கள், மேல்படிப்புக்குப் போனவர்கள், வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் எல்லாம் அதில் உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு: சேர்ந்தது 480, லேட்டரல் 60, தேறியது 400, வேலை 280. பிளேஸ்மென்ட்டுக்குப் பதிவு செய்த 300 பேரால் வகுத்தால் 93 சதவீதம். உள்ளே வந்த 540 பேரால் வகுத்தால் 52. இரண்டும் ஒரே 280தான்! தேறாத 140 பேரைப் பேனர் கணக்கில் எடுப்பதே இல்லை.

இடைநிலைச் சம்பளம் என்பது வேலை கிடைத்தவர்களுக்குள் நடுவில் நிற்பவர் வாங்குவது. அதிகபட்சச் சம்பளத்தைப் பார்ப்பதை விட இதைப் பார்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் இந்த பிடிஎஃப்பில் எல்லாப் பாடப்பிரிவும் கலந்திருக்கும். சிவிலுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் தனித்தனியாகக் கல்லூரியிடமே கேட்டு வாங்குங்கள். கேட்கும்போது 'ஆஃபர்' எத்தனை என்று கேட்காமல், 'மாணவர்' எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒரே பையன் மூன்று ஆஃபர் வாங்கியிருப்பான்.

தேர்ச்சி விகிதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்கு வினாத்தாள் தயாரிப்பதும் விடைத்தாள் திருத்துவதும் பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரி தானே கேள்வி போட்டுத் தானே திருத்திக்கொள்ளும். இரண்டின் சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. தன்னாட்சி இல்லாத இரண்டு கல்லூரிகளை ஒப்பிடத் தேர்ச்சி விகிதப் பட்டியல் நன்றாக உதவும். வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவை அரியர் இருந்தால் உள்ளேயே விடாது என்பதால், முதல் வருடக் கணிதத்தில் எத்தனை பேர் விழுகிறார்கள் என்று மூன்றாம் வருட மாணவர் ஒருவரிடம் விசாரித்துவிட்டுப் பிறகு சாய்ஸை லாக் செய்யுங்கள்.