மாரிக்கு முன்னர் வரவேண்டிய கம்பி

2022 ஆம் ஆண்டு முல்லைத்தீவு மாவட்டத்தில் வீதிப் புனரமைப்பு ஒன்றின் ஒன்பது மதகுகளுக்கான பொருட்கொள்வனவு என் பொறுப்பில் இருந்தது. வன்னியில் ஐப்பசி மழை இறங்கிவிட்டால் தோண்டிய குழியில் நீர் நிற்கும், மாற்றுப்பாதைக்குக் கொட்டிய கிறவலும் கரைந்துவிடும். ஆகவே, புரட்டாதி முடிவதற்குள் கடைசி மேற்தளத்துக்கும் கொங்கிரீட் இட்டாக வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியே கொள்வனவு அட்டவணையை எழுதினேன்.

அந்த ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியிருந்தது. மூன்று விலைமனுக்களைப் பெற்று, ஒப்பிட்டு, தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வருவதற்குப் பத்து நாட்கள் செல்லும். கொங்கிரீட்டுக்குள் இடும் இரும்புக் கம்பியை விற்பவர்களோ அன்றைய விலை அன்று மாலைவரைக்கும்தான் என்றார்கள். விலையேற்றத்தை ஈடுசெய்யும் சூத்திரம் ஒப்பந்தத்தில் இருந்தது உண்மையே. ஆனால் அந்தப் பணம் வேலை முடிந்து கட்டணப் பட்டியல் சமர்ப்பித்த பின்னரே கைக்கு வரும், கம்பிக்கான பணத்தை இன்றே கொடுக்க வேண்டும். எனவே உச்ச விலை ஒன்றுக்கு முன்கூட்டியே ஒப்புதல் கேட்டேன். அதற்குள் அமைந்தால் அன்றே கொள்வனவுக் கட்டளையிடும் அதிகாரம் களத்துக்குக் கிடைத்தது. நான் எடுத்த முயற்சிகளில் அதிக பயன் தந்தது இதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

மணலுக்கு அனுமதிப்பத்திரம் தேவைப்பட்டது. அது உரிய காலத்தில் கிடைத்தது. வவுனியாப் பக்கமிருந்து கருங்கல் ஏற்றிய டிப்பர்கள், எரிபொருளைப் பங்கிட்டு வழங்கும் கியூஆர் முறை வந்த பின்னர், வாராந்த டீசல் அளவுக்குள் ஓட வேண்டியிருந்தது.

ஓகஸ்ட் மாதத்தில் 12 மில்லிமீற்றர் கம்பி லொறியில் வந்தது. கட்டுகளின் எண்ணிக்கை பற்றுச்சீட்டோடு பொருந்தியது. ஆயினும் மனம் ஒப்பாமல், அயலிலிருந்த நெல் ஆலையின் தராசை இரவல் வாங்கி, வெவ்வேறு கட்டுகளிலிருந்து உருவிய பத்துக் கம்பிகளை நிறுக்கச் செய்தேன். மீற்றருக்கு 0.888 கிலோ வீதம், 12 மீற்றர் நீளமுள்ள பத்துக் கம்பிகள் 106.6 கிலோ இருக்க வேண்டும், தராசு 99.1 காட்டியது. ஒப்பந்தம் அனுமதித்த 4.5 சதவீதத்தைக் கடந்து 7 சதவீதம் குறைவு.

“ஐயா, எண்ணிக்கை சரியாத்தானே இருக்கு?” என்றார் சாரதி.

“எண்ணிக்கை சரி தம்பி, நிறை காணாது” என்று சொல்லி, மூவர் முன்னிலையில் அளவீட்டை எழுதிக் கையொப்பமிட்டு, இறக்காமலே லொறியைத் திருப்பி அனுப்பினேன். களப் பொறியியலாளர் கவலையோடு நாட்காட்டியைப் பார்த்தார். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. ஆனால் நீர் அடித்துச் செல்லும் மதகுக்குள் ஒரு முறை புதைந்த கம்பியை எவராலும் மீண்டும் நிறுத்துப் பார்க்க முடியாது.

மாற்றுக் கம்பி பன்னிரண்டு நாட்களின் பின் வந்தது. அதே தராசில் 105.2 கிலோ. எட்டு மதகுகள் மழைக்கு முன் நிறைவடைந்தன. ஒன்பதாவது மதகு தை மாதம்வரை காத்திருந்தது, அதுவரை அவ்வூர்ப் பிள்ளைகள் சேற்று மாற்றுப்பாதையால் பாடசாலைக்குச் சென்றார்கள்.