டிரம் சாண்டரில் கிட்டார் பலகை: அளவுகோலை நம்ப வேண்டாம்

தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது 3.2 மி.மீ. கிட்டார் மேல்பலகை அந்த ஒரு நூல்கூட வராது. ஸ்டீல் கம்பி கிட்டாருக்கு ஸ்புரூஸ் மேல்பலகை பெரும்பாலும் 2.6 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். நைலான் கம்பிக்கு இன்னும் மெல்லிசு. ஈட்டி மரத்தில் செய்யும் பின்பலகை இரண்டரையை ஒட்டியும், வளைக்கவேண்டிய விலாப்பலகை 2 மி.மீ.க்குச் சற்று மேலும் நிற்கும். பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. அதனால் 3 மி.மீ.யிலிருந்து 2.8க்கு இறங்கினாலே விறைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அலமாரிக் கதவுக்கு 0.2 மி.மீ. பிழை ஒரு பொருட்டே இல்லை. இங்கே அதுதான் சத்தத்தையே மாற்றுகிறது.

இந்த நுணுக்கத்தில் பலகையை மெலிதாக்கும் மெஷின்தான் டிரம் சாண்டர்: உப்புத்தாள் சுற்றிய உருளை (டிரம்) சுழன்று பலகையைத் தேய்க்கும். கிட்டார் பட்டறைகளில் அதிகம் காணப்படுவது ஒரு பக்கம் திறந்த வகை: 16 அங்குல நீளம், 5 அங்குல விட்டமுள்ள டிரம், அடியில் பலகையை இழுத்துச் செல்லும் கன்வேயர் பெல்ட். டிரம்மை ஒரு பக்கத்துக் கை மட்டுமே தாங்குவதால், பாரம் ஏறியதும் வெளிமுனை இம்மியளவு மேலே எழும்பும். மெஷின் சும்மா நிற்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து இரு முனையும் சமம் என்று திருப்திப்பட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதியை மரத்தை ஓட்டித்தான் பார்க்கவேண்டும்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். உப்புத்தாளைப் பிரித்துவிட்டு, வெறும் டிரம்முக்கும் பெல்ட்டுக்கும் இடையே நேராக இழைத்த ஒரே கட்டையை உள்முனையிலும் வெளிமுனையிலும் வைத்து, மிச்ச இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். அதற்கு முன் பெல்ட்டைத் தூக்கி அடித்தகட்டைத் துடைப்பது அவசியம். பெல்ட்டுக்கு அடியில் சிக்கிய ஒரு சிராய் போதும், அந்த இடத்தில் பெல்ட் மேடாகிப் பலகை அங்கே மட்டும் கூடுதலாகத் தேயும். எங்கேயோ கோளாறு என்று பேரிங்கைக் கழற்றிப் பார்ப்பவர்கள் பலர். பெல்ட்டைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

பிறகு தாளைச் சுற்றிவிட்டுச் சோதனை. ஒரே பலகையிலிருந்து 50 மி.மீ. அகலம், 300 மி.மீ. நீளத்தில் இரண்டு ரீப்பர்கள். ஒன்றில் ‘அ’, மற்றதில் ‘ஆ’ என்று எழுதி, ‘அ’வை உள்முனையிலும் ‘ஆ’வை வெளிமுனையிலும் சேர்த்தே ஓட்டுங்கள். உயரத்தை மாற்றாமல் இன்னும் இரண்டு முறை ஓட்டியபின் ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் காலிப்பர் வைத்து அளக்கவேண்டும். வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள் வந்தால் போதும், அதற்குமேல் துரத்தவேண்டாம். ‘ஆ’ தடியாக வந்தால் வெளிமுனை உயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மேசையிலோ டிரம்மைத் தாங்கும் கையிலோ உள்ள ஸ்க்ரூவால் சரிசெய்யலாம். ஸ்க்ரூ இல்லாத மெஷினில் மேசைக்கடியில் தகடு வைக்கவேண்டியதுதான். குளிர்பான அலுமினிய டின்னை வெட்டினால் ஏறக்குறைய 0.1 மி.மீ. தகடு கிடைக்கும். சரிசெய்தபின் ரீப்பர்களை இடம் மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே முனையில்தான் தடிமன் கூடுகிறது என்றால் மெஷின்தான் காரணம். ரீப்பரோடு சேர்ந்து இடம் மாறினால் மரத்தையோ காலிப்பர் பிடிக்கும் கையையோ பாருங்கள்.

உயரத்தை மாற்றும் கைச்சக்கரம் இந்த அளவு மெஷின்கள் பலவற்றில் ஒரு முழுச் சுற்றுக்கு 1/16 அங்குலம், அதாவது அரை நூல், 1.6 மி.மீ. நகரும். சக்கர விளிம்பை 16 பங்காகப் பிரித்துக் கோடு போட்டால் ஒரு கோடு 0.1 மி.மீ. மெஷினோடு வரும் ஒட்டுத்தாள் அளவுகோலைவிட இது எவ்வளவோ மேல். ஸ்க்ரூவில் கொஞ்சம் லூஸ் எப்போதும் இருக்கும். அதனால் தேவையான உயரத்துக்கு எப்போதும் மேலிருந்தே இறங்கி வாருங்கள். தாண்டிவிட்டால் கால் சுற்று மேலே ஏற்றி மறுபடி இறக்குங்கள்.

தாள் சுற்றுவதில்தான் அதிகப் பிழை நடக்கிறது. 3 அங்குல அகலத் தாள் டிரம்மில் ஒரு சுற்று வரும்போது சரியாக ஒரு தாள் அகலம் நகரவேண்டும். ஆகவே முனைச் சரிவின் நீளமும் டிரம்மின் சுற்றளவுதான்: 5 அங்குலத்துக்கு ஏறக்குறைய 400 மி.மீ. கூர்முனையைக் கிளிப்பில் மாட்டும் அளவுக்கு நறுக்கிவிடலாம். சுற்றும்போது ஓரத்தின் மேல் ஓரம் ஏறினால் அந்த இடம் தாளின் தடிமன் அளவு உயர்ந்து, பலகை முழுக்க ஒரு வாய்க்கால் விழும். ஓரத்துக்கு ஓரம் மயிரிழை இடைவெளி இருந்தால் பரவாயில்லை. புதுத்தாள் சூடேறியதும் சற்று நீளும். ஐந்து நிமிடம் ஓட்டியபின் நிறுத்தி, கிளிப்பை இன்னொரு முறை இழுத்து மாட்டவேண்டும். தளர்ந்த தாள் ஓரம் ஏறிக் கிழியும்.

தாளின் சொரசொரப்பு எண், அதாவது கிரிட், 80 போதும். 120 கடைசி ஓரிரு ஓட்டத்துக்கு. 150, 180 எல்லாம் ஈட்டியில் போட்டால் கருகுவதுதான் மிச்சம். ஈட்டியில் எண்ணெய்ப் பசை அதிகம். தாளில் ஒரு வரியாக அடைத்துக்கொண்டால் அந்த வரி சூடாகி மரத்தில் கறுப்புக் கோடு இழுக்கும், கோட்டின் இறுகிய பசை இன்னும் அடைக்கும். பலகையில் கோடு தெரிந்தால் டிரம்மில் அதே நேர்கோட்டில் பளபளப்பான ஒரு பட்டை இருக்கும். மெஷின் ஓடும்போதே ரப்பர் கட்டியால் அதை எடுக்கலாம், நேர் எதிரே நிற்காமல். எடுபடாவிட்டால் தாளை மாற்றுங்கள்.

ஸ்புரூஸில் ஒரு ஓட்டத்துக்கு 0.2 மி.மீ. வரை போகலாம், ஈட்டியில் ஒரு கோடு, அதாவது 0.1தான். பலகையைக் கொஞ்சம் கோணலாக, 20 டிகிரி அளவில் விட்டால் தாள் முழுக்க வேலை பரவும், கோடு குறையும். கடைசி ஓட்டம் மட்டும் மர ரேகையின் ஓட்டத்துக்கு நேராக. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பக்கத்தைப் புரட்டுங்கள். ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் பலகை தொன்னையாக வளையும்.

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால், ஒதுங்கும் பக்கத்து இறுக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கிவிட்டு, பெல்ட் நாலைந்து சுற்று வரும்வரை காத்திருக்கவேண்டும். உடனுக்குடன் திருப்பினால் அது இன்னொரு பக்கம் ஓடும். அழுத்து உருளையின் ஸ்பிரிங் அதிகம் இறுகியிருந்தால் பலகையின் முனைகளில் பள்ளம் விழும். தளர்ந்திருந்தால் பெல்ட் ஓடும், பலகை நிற்கும், டிரம் ஒரே இடத்தைக் கருக்கும். இரண்டில் இரண்டாவதே மோசம். கருகிய குறுக்குப் பள்ளம் சில சமயம் முழு மில்லிமீட்டர் ஆழம் போகும், பலகை வீண்.

சேர்த்து ஒட்டிய மேல்பலகை பெரும்பாலும் 16 அங்குலத்தைத் தாண்டும். ஒரு பாதியை ஓட்டித் திருப்பி மறுபாதியை ஓட்டும்போது நடுவில் படி விழாமலிருக்க, வெளிமுனையை வேண்டுமென்றே துளி உயர்த்துவது வழக்கம். இரண்டு பாதிகளையும் தனித்தனியாக 3.2 வரை கொண்டுவந்து, ஒட்டியபின் இரண்டே ஓட்டத்தில் முடிப்பது இதைவிடச் சுத்தம். ஒட்டிய கோட்டில் பிதுங்கிய பசையை முன்பே சுரண்டி எடுத்துவிடுங்கள். வெள்ளைப் பசை சூட்டில் இளகித் தாளில் அப்பும். ரோசெட் (ஒலித்துளையைச் சுற்றிய அலங்கார வளையம்) பதித்தபின் டிரம்மில் விடவே வேண்டாம்: அதிலுள்ள கருங்காலியின் தூள் ஸ்புரூஸின் துளைகளில் இறங்கிச் சாம்பல் நிறக் கறையாக நிற்கும். அங்கே கையால் சுரண்டும் எஃகுத் தகடான ஸ்கிரேப்பர்தான்.

நம் ஊரில் இந்த மெஷினைச் சொந்தமாகக் கட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்க வரைபடங்கள் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, 1725 ஆர்.பி.எம். மோட்டாரை வைத்துப் போட்டவை. இங்கே 50 ஹெர்ட்ஸில் அதே வகை மோட்டார் 1440 தான் சுற்றும். வரைபடத்தில் இரண்டு புல்லியும் ஒரே அளவென்றால், மோட்டாரில் 6 அங்குலப் புல்லி, டிரம்மில் 5 அங்குலப் புல்லி போட்டால் பழைய வேகம் வந்துவிடும்.

தூசி உறிஞ்சும் குழாய் 4 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. தூசி வெளியேறாவிட்டால் தாளும் அடைக்கும், அளவும் பொய்யாகும். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் கொண்டுவரும், அதனால் உறிஞ்சி ஓடினாலும் என்95 முகமூடி போட்டுக்கொள்ளவேண்டும்.

இறுதி அளவுக்கு 0.2 மி.மீ. இருக்கும்போதே மெஷினை நிறுத்திவிடுங்கள். 80 கிரிட்டின் கீறலை ஸ்கிரேப்பரால் எடுக்கவே அவ்வளவு போகும். பலகை முழுக்கப் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, உயரத்தை மாற்றாமல் ஒரு ஓட்டம். கோடு எங்கே மிஞ்சுகிறதோ அங்கேதான் பலகை இன்னும் தாழ்ந்திருக்கிறது.