குப்பைக்குக் கூரை போட்ட கதை

பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதன்பிறகு, சாலைக்கான தார்க் கலவையைச் சூடாகத் தயாரிக்கும் எங்கள் ஹாட் மிக்ஸ் பிளான்ட்டின் பின்பக்கம், அப்படிச் சுரண்டி எடுத்த மில்லிங் கழிவு மலைபோல் சேர்ந்துவிட்டது. லாரிப் பாதைப் பள்ளங்களில் கொட்டியது போக, மீதியைப் புதுக் கலவையிலேயே சேர்த்துவிடலாம் என்று முடிவானது. அந்த வேலை என் தலையில் விழுந்தது.

இதற்கென்றே இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 120 வழிகாட்டி இருக்கிறது. முதலில் கழிவில் எவ்வளவு தார் மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குவியலில் பத்து இடத்தில் அள்ளி, லேபில் ட்ரைகுளோரோஎத்திலீன் ஊற்றிச் சுழற்றிப் பிரித்தோம். சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்யக் கிளம்பியவன் முதலில் தொட்டது புற்றுநோய் வரவழைக்கும் திரவத்தை! சராசரி 4.5 சதவீதம் வந்தது. 100 டன் கழிவில் நாலரை டன் தார். மற்றதெல்லாம் மலையை உடைக்காமல் கிடைக்கிற ஜல்லி. ஆனால் பல வருட வெயிலில் தார் இறுகிப்போயிருந்ததால், கலவையில் 15 சதவீதம் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டோம்.

பழைய தாரை பர்னர் தீயில் நேராகக் காட்டினால் கருகி நீலப்புகை கக்கும். அதனால் புது ஜல்லியை 185 டிகிரிக்குச் சூடாக்கி, கழிவைச் சூடாக்காமல் மிக்ஸரில் போட்டோம். முந்தின வாரம் முழுக்க ஐப்பசி மழை, குவியலோ திறந்தவெளியில். இட்லிப் பானையைத் திறந்ததுபோல் குப்பென்று ஆவி கிளம்பியது. லாரியில் விழுந்த கலவையில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 132. 150-க்குக் குறையக் கூடாது.

"தம்பி, ரோலர் ஏறுறதுக்குள்ள இது கல்லாயிடும்" என்றார் ஆபரேட்டர் அண்ணன்.

கழிவில் ஈரம் 5 சதவீதம். அதாவது டன்னுக்கு 50 லிட்டர் தண்ணீர். அதை ஆவியாக்க மூன்றரை லிட்டர் டீசலுக்குக் குறையாது. ஜல்லியை 215 வரை ஏற்றி அன்றைய லோடைச் சமாளித்தோம். தாரில் மிச்சம் பிடித்த புண்ணியத்தில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாகப் போய்விட்டது.

கூரை வேண்டும் என்றேன். "குப்பைக்குக் கூரையா?" என்று ஓனர் சிரித்தார். டீசல் கணக்கை எழுதி நீட்டியதும் சிரிப்பு நின்றது. சரி, தகரக் கொட்டகை வந்தது. ஈரம் ஒன்றரை சதவீதமாக இறங்கியது. அதே 185 சூட்டில் கலவை 155-இல் வந்தது.

கொட்டகைக்குத் தளம் மட்டும் இன்னும் போடவில்லை. மண் கலக்காமலிருக்க, லோடர்க்காரர் குவியலின் கீழே ஒரு அடி உயரத்தை விட்டுவிட்டுத்தான் அள்ளுகிறார்.