கடைசி லோக்கலுக்கும் முதல் லோக்கலுக்கும் நடுவே

மும்பையில் ஒரு ராத்திரி தூங்க ஓட்டலுக்குக் கொடுக்கும் காசில் நாலு வேளை நன்றாகச் சாப்பிடலாம். அதனால் சனிக்கிழமை போய், அறையே எடுக்காமல் சுற்றிவிட்டு, ஞாயிறு காலை புனே திரும்புவது என்று நானும் நண்பனும் முடிவு செய்தோம்.

புனேயிலிருந்து போனது டெக்கான் குவீனில். 1930 முதல் ஓடும் ரயில். உட்கார்ந்து சாப்பிடத் தனி உணவுப் பெட்டியே இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மலை இறங்க இறங்க, உள்ளே சீஸ் டோஸ்டும் ஆம்லெட்டும். இதற்காகவே போகலாம்.

மும்பையின் பெரிய ரயில் நிலையமான சிஎஸ்எம்டியில் இறங்கி, எல்லா நிலையத்திலும் நிற்கும் ஸ்லோ லோக்கல் ரயில் பிடித்து நேராகத் தமிழர்கள் நிறைய வாழும் மாட்டுங்கா. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வாழையிலையும் மல்லிகைச் சரமும் விற்கும் கடைகளைப் பார்த்ததும் பாதி ஊருக்கு வந்துவிட்ட நினைப்பு வந்துவிடும். 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸில் வார இறுதி என்றால் பெயர் கொடுத்துவிட்டு வாசலில் நிற்க வேண்டும். மெட்ராஸ் பெயரில்தான், சமையல் கர்நாடகத்து உடுப்பிப் பக்கத்துக் கை. ரச வடையும் ராகி தோசையும் அருமை. சாம்பாரில் இருந்த இனிப்பு நண்பனுக்குப் பிடிக்கவில்லை, எனக்கு ஆட்சேபம் இல்லை.

மதியம் ஓவல் மைதானம். ஒரே புல்வெளியில் எத்தனை கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கின்றன என்று எண்ண முடியாது. ஒரு டீமின் கவர் பீல்டர் அடுத்த டீமின் பேட்ஸ்மேனுக்கு முதுகு காட்டி நிற்கிறார். கிழக்கே ராஜாபாய் மணிக்கூண்டும் உயர்நீதிமன்றமும், மேற்கே வளைந்த பால்கனிகளோடு ஆர்ட் டெகோ பாணிக் குடியிருப்புகள். இரண்டு வரிசைகளும் சேர்ந்து 2018-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. கேட்வே ஆஃப் இந்தியாவில் கூட்டம் தாங்கவில்லை, நிற்கவே இல்லை. ராத்திரி சாப்பாடு தாஜ் ஓட்டலுக்குப் பின் சந்தில், படே மியாவின் சீக் கபாபும் ரூமாலி ரொட்டியும்.

அப்புறம்தான் ராத்திரியே தொடங்கியது. ஒரு மணி வாக்கில் கடைசி லோக்கல் போய்விடும். மறுபடி நாலு மணிக்கு மேல்தான் வண்டி. இந்த ஊருக்கு ராத்திரி என்பது அந்த மூன்று மணி நேரம்தான். கடலோரச் சாலையான மரைன் டிரைவின் சுவரில் போய் உட்கார்ந்தோம். ஷிப்ட் முடிந்த ஓட்டல் பையன்கள், வேகமாக ஏதோ சண்டை போட்டுக்கொண்ட காதலர்கள், கேக் வெட்டிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்கள். இரண்டு மணிக்குப் பெண்கள் இவ்வளவு சாவகாசமாகத் தெருவில் உட்கார்ந்திருப்பதை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. சைக்கிளில் பிளாஸ்க் கட்டிய டீக்காரர் வந்து வந்து போனார். இஞ்சி தூக்கலான டீ. தூக்கம் வந்தாலும் விடாது.

விடிவதற்கு முன்பே சசூன் டாக். 1875-இல் கட்டிய துறை, இப்போது மீன் இறங்கும் இடம். செருப்போடு போங்கள், அதுவும் பழைய செருப்போடு. தரையெல்லாம் ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும். படகிலிருந்து கூடை கூடையாக இறாலும் பொம்பில் மீனும் வந்து விழ, கோலி என்னும் மீனவச் சமூகப் பெண்கள் மராத்தியில் ஏலம் எடுக்கும் வேகத்தில் எங்களுக்கு விலை ஒன்றும் பிடிபடவில்லை. வழியில் நின்றவர்களுக்குத் திட்டு விழுந்தது. எங்களுக்கும்தான்.

ஞாயிறு பகலிலும் சுற்ற நினைப்பவர்கள் மெகா பிளாக் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டவாள வேலைக்காகச் சில தடங்களில் லோக்கலை மணிக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். நாங்கள் காலை டெக்கான் எக்ஸ்பிரஸில் ஏறியதும் கண்ணை மூடினோம். லோனாவ்லாவில் சிக்கி என்கிற கடலை மிட்டாய் விற்பவரின் சத்தத்தில்தான் விழித்தோம். ஆளுக்கு ஒரு டப்பா வாங்கினோம்.